தண்ணீர் போகாத பைப்

ஆண்டு மலர் என்றதும் நிலவையும் தாவணியையும் எழுதத்தான் நம்மில் பலர் பேனாவை எடுப்பார்கள். நான் சிவில் பிரிவு. அதனால் கக்கூஸ் பைப்பைப் பற்றி எழுதுகிறேன். மூக்கைப் பொத்தாமல் படியுங்கள்; மூக்கைப் பொத்தும் நிலை ஏன் வருகிறது என்பதுதான் விஷயமே.

எங்கள் அவிநாசியில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாகிக்கொண்டு வருகின்றன. பனியன் கம்பெனி வேலைக்கு வெளியூரிலிருந்தும் வடக்கேயிருந்தும் வருகிறவர்களுக்கு ரூம் வேண்டுமே! கீழ் வீட்டை வைத்துக்கொண்டே மேலே இரண்டு மாடி எடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். என் அப்பா கொத்தனார், மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் 'ட்ராயிங்' என்ற வார்த்தையைக் கொண்டு வந்தவனே நான்தான். போன கோடை லீவில் அப்படி ஒரு வேலைக்கு அப்பாவோடு போனேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினேன். கக்கூஸெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வரட்டும்; 110 மி.மீ. பைப் ஒரே நேராக இறங்கட்டும். அடியில் ஒரே எல்போவாகத் திருப்பாமல் 45 டிகிரியில் இரண்டாகத் திருப்பலாம். கீழ் வீட்டுக் கக்கூஸை அந்தப் பைப்பில் சேர்க்காமல் தனியாகச் சேம்பருக்குக் கொண்டு போக வேண்டும். மேலே பைப்பை மொட்டை மாடிக்கு மேல், ஆள் உயரத்தையும் தாண்டித் திறந்து விட வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் சண்டை வந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, தண்ணி போகாத பைப்புக்கு நான் எதுக்குங்க காசு குடுக்கோணும்? மேல ஒரு மூடியப் போட்டு அடைச்சுருங்க" என்றார் வீட்டுக்காரர்.

1775-ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர் கக்கூஸ் குழாயை வளைத்துக் காப்புரிமை வாங்கினார். அந்த வளைவில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் செப்டிக் டேங்க் நாற்றத்துக்கும் நமக்கும் நடுவே உள்ள கதவு. இரண்டாவது மாடியில் ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர் பைப்பை அடைத்தபடி விழும். பின்னால் காற்று வராவிட்டால் வழியில் உள்ள ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சி இழுத்துவிடும். கதவு திறந்துவிடும்! முன்னால் நெருக்கப்படும் காற்று அடியில் குமிழியாகப் பொங்கும். கீழ் வீட்டைத் தனியாகப் பிரிப்பது அதற்காகத்தான்.

வெறும் நாற்றம்தானே என்பீர்கள். 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு சார்ஸ் நோய் வந்தது. பாத்ரூம் தரையிலிருந்த ட்ராப்கள் காய்ந்து கிடந்ததும், பைப்பிலிருந்த கிருமி அந்த வழியாக வீட்டுக்குள் வந்ததும் முக்கியக் காரணமாக விசாரணையில் சொல்லப்பட்டன. நம் ஊரில் ஊருக்குப் போனவர்களின் ரூம்கள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கேயும் ட்ராப் காயத்தான் செய்யும். பக்கத்து ரூம்காரர் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். யார் சொல்கிறார்கள்?

இதையெல்லாம் அரை மணி நேரம் பேசினேன். வீட்டுக்காரர் அசையவில்லை. அவருடைய அடுத்த வேலையும் அப்பா கைக்கு வர வேண்டியிருந்தது. நான் வாயை மூடிக்கொள்வதுதான் நல்லதோ என்று தோன்றியது. யாரையும் எதிர்த்துப் பேசியே பழக்கமில்லாத அப்பா அப்போது மெதுவாகக் கேட்டார்:

"எண்ணெ டின்னுல எதுக்குங்க ரெண்டு ஓட்டை போடறோம்? ஒண்ணு எண்ணெ வர, இன்னொண்ணு காத்து போக. பையன் அதைத்தானுங்க சொல்றான்."

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "செரி, வெச்சுத் தொலைங்க. அடுத்த தடவை பையனக் கூட்டிட்டு வராதீங்க!"

வேலை முடிந்த அன்று மேலே இரண்டு மாடியிலும் ஆளுக்கொரு வாளி பிடித்து ஒரே சமயத்தில் ஊற்றச் சொன்னேன். அப்பா முதல் மாடி நஹானி ட்ராப் பக்கத்தில் குத்த வைத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் ஒரு ஆட்டம் ஆடி, அப்படியே நின்றது.

"நிக்குதுடா கண்ணு" என்று மேலே பார்த்துக் கத்தினார்.