சுங்குடிச் சேலைக்கு நிழல் போட்ட கதை

முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரைய வராது. பத்தாம் வகுப்பில் ரெக்கார்ட் நோட்டில் நான் வரைந்த செம்பருத்தியைப் பார்த்து, "இது என்னப்பா, காலிஃபிளவரா?" என்று மிஸ் கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது. அப்படிப்பட்ட என் தலையில்தான் கல்லூரிக் குறும்படத்துக்காக இந்த வேலையைக் கட்டினார்கள். கம்ப்யூட்டரில் செய்த முப்பரிமாணப் பாட்டி ஒருவருக்குச் சேலை தயாரிக்க வேண்டும். கதை இதுதான்: சித்திரைத் திருவிழா, அழகர் ஆற்றில் இறங்கும் காலை, கூட்டத்தில் பேரனைத் தொலைத்துவிட்டுத் தேடும் பாட்டி. மதுரைப் பாட்டி, சித்திரை வெயில்... அப்புறம் வேறென்ன சேலை? சுங்குடிதான்.

"புள்ளி வச்ச சேலைதானே, அரை மணி நேர வேலை" என்று ஒத்துக்கொண்டேன். மூன்று வாரம் ஆனது! அதில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். டிஜிட்டல் துணிக்கு நிழலும் பளபளப்பும் போடப் போகிறவர்களுக்கு உதவும். மற்றவர்கள் என் அவஸ்தையைப் படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் சொதப்பல். ஒரு வெள்ளைப் புள்ளி வரைந்தேன். போட்டோஷாப்பில் அதைப் பேட்டர்ன் ஆக்கி, அரக்கு நிறத்தின் மேல் நிரப்பினேன். இரண்டே நிமிடம். பாட்டிக்குச் சுற்றிவிட்டுக் காலரைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டிப் பார்த்த நண்பன், "மாப்ள, பாட்டிக்கு ஏன்டா ஃப்ளெக்ஸைச் சுத்தி விட்டிருக்க?" என்றான். மதுரைக்காரனுக்கு ஃப்ளெக்ஸ் தெரியாதா என்ன! அவன் சொன்னது சரிதான். துணிக்கு மேடு பள்ளமே இல்லை.

இரண்டாவது சொதப்பல். மடிப்பு வேண்டும், அவ்வளவுதானே? கருப்பு பிரஷ்ஷை எடுத்து நிழல் போட்டேன், வெள்ளை பிரஷ்ஷை எடுத்து வெளிச்சம் போட்டேன். இப்போது பாட்டி கரிமூட்டை மேல் விழுந்து எழுந்து, அதற்கு மேல் ரெயின்கோட்டும் மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டார்.

கோபத்தில் மாடிக்குப் போனேன். கொடியில் அம்மாவின் அரக்குச் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். (கீழ்வீட்டு அக்கா என்ன நினைத்தாரோ தெரியாது.) அப்போதுதான் மண்டையில் ஏறியது. நிழல் கருப்பே இல்லை. மடிப்புக்குள் இருந்தது இன்னும் அடர்ந்த, லேசாக ஊதா ஓடிய அரக்கு. சூரியன் நேரடியாகப் படாத இடத்திலும் வானத்தின் நீல வெளிச்சம் படுகிறது. பக்கத்து மடிப்பில் பட்டுத் திரும்பும் சிவப்பும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே, துணியின் நிறத்தையே கொஞ்சம் அடர்த்தியாக்கி, லேசாக ஊதாப் பக்கம் தள்ளி, மல்டிப்ளை முறையில் வைத்த தனி லேயரில் நிழல் போட வேண்டும். மடிப்பு முழுசாக வாய்மூடும் இடத்தில் மட்டும் மெல்லிய கருங்கோடு போதும்.

வெளிச்சமும் அப்படித்தான். பருத்தி நூல் சொரசொரப்பானது. விழுகிற ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். அதனால் மடிப்பின் முதுகில் அகலமாக, மங்கலாக, சேலையின் நிறத்திலேயே ஒரு வெளுப்பு தெரியும். பட்டில் அது ஒடுங்கிக் கூர்மையாகும். ஜரிகையில் பொன் நிறத்திலேயே மின்னும். மளிகைக் கடை காலண்டரில் வரும் லட்சுமியின் பட்டுச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டைய ராஜு (1898–1976) காலண்டர் சாமிகளுக்குக் கட்டிவிட்ட அந்தப் பட்டு நம் கண்ணில் அப்படியே பதிந்துவிட்டது. அந்தப் பளபளப்பைக் கொண்டுபோய்ப் பருத்திக்குப் போட்டால் ரெயின்கோட்தான் வரும். எனக்கு வந்தது அதுதான்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, துணி எங்கே பிடித்திருக்கிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும். இடுப்பில் செருகிய இடத்தில் கொசுவம் நெருக்கமாக ஆரம்பித்துக் கீழே போகப் போக விரியும். தோளில் இருந்து முந்தானை தொங்கும். இழுபடும் இடத்தில் குறுக்குக்கோடு விழும். நான் முதலில் போட்ட மாதிரி ஊரெல்லாம் சுருக்கம் போட்டால் அது கசக்கி மூட்டை கட்டிய துணி. இரண்டு, மடிப்போடு சேர்ந்து புள்ளியும் வளைய வேண்டும். மடிப்பு திரும்பும் இடத்தில் வட்டம் முட்டை வடிவத்துக்கு நசுங்கும். படம் வரைகிறவர்கள், மடிப்பை மட்டும் கருப்பு வெள்ளையில் தனிக் கோப்பாகச் சேமித்து, போட்டோஷாப்பின் டிஸ்ப்ளேஸ் ஃபில்டரில் கொடுத்தால் புள்ளிகள் மடிப்புக்கு ஏற்ப நகர்ந்துகொள்ளும். நிழல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் புள்ளி வளையவில்லை என்றால் கண் நம்பாது.

இதையெல்லாம் செய்து முடித்து, பிளெண்டரில் படத்தை ஓட்டினோம். மூன்றாவது சொதப்பல் அங்கேதான் காத்திருந்தது. பாட்டி பேரனைத் தேடித் திரும்புகிறார். நான் சேலையில் வரைந்த நிழலும் அவரோடு சேர்ந்து திரும்புகிறது! சூரியன் வலது பக்கம், சேலையின் நிழலும் வலது பக்கம். வைகை ஆற்றில் இரண்டு சூரியன்.

பழைய கணினி உலகத்தில் இது பெரிய குற்றம் இல்லை. 2003-இல் வந்த செகண்ட் லைஃப் மாதிரி உலகங்களில் சட்டை மடிப்பையும் நிழலையும் துணிப் படத்திலேயே வரைந்துதான் ஒட்டினார்கள். வேறு வழி இருக்கவில்லை. அங்கேயே 2013-இல் நார்மல் மேப் எல்லாம் வந்துவிட்டது. இப்போதைய முறையில் துணிப் படத்தைப் பிரித்துவிடுகிறார்கள். ஒன்றில் வெறும் நிறம், வெளிச்சம் கலக்காமல். இன்னொன்றில் சொரசொரப்பு எவ்வளவு என்ற கணக்கு. மூன்றாவது, மேற்பரப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் நார்மல் மேப். நிழலைக் கணினியே போட்டுக்கொள்ளும்.

இதைப் படித்தபோது எனக்குப் புதுமண்டபம் ஞாபகம் வந்தது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்துக்குத் துணி தைக்க அம்மா அங்கேதான் கூட்டிப்போவார். (அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன.) தூணுக்குத் தூண் தையல் மிஷின், தூண்களில் நாயக்க மன்னர்களின் ஆளுயரச் சிலைகள். அவர்கள் இடுப்புத் துணியில் பூ வேலைப்பாடுகூடக் கல்லிலேயே இருக்கும். அந்தச் சிற்பி நிழல் வரையவில்லை. மேட்டையும் பள்ளத்தையும் மட்டும் செதுக்கிவிட்டு, மிச்சத்தை வெளிச்சத்திடம் விட்டுவிட்டார். காலையில் ஒரு மாதிரி, விளக்குப் போட்டால் ஒரு மாதிரி. நார்மல் மேப் என்பது அவ்வளவுதான்.

சரி, சுங்குடிக்கு மேடு பள்ளம் எப்படி இருக்கும்? எங்கள் தெருவில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி இருக்கிறார். சுங்குடியை மதுரையில் வளர்த்ததே அந்தச் சமூகம்தான். 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாட்டி, கல்யாணத்துக்கு முன்பிருந்தே முடிச்சுப் போட்டவர். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

"இது அச்சுல்ல? முடிச்சு எங்க?" என்றார்.

"ரெண்டும் புள்ளிதானே பாட்டி?"

"கண்ணால பாத்தா புள்ளிதான். கையால தடவிப் பாரு."

பெட்டியில் இருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கொடுத்தார். சாயம் முக்கி, நூல் பிரித்து, கஞ்சியும் இஸ்திரியும் காணாத துணி. ஒவ்வொரு புள்ளியும் வேர்க்குரு மாதிரி எழும்பி நின்றது. அதுமட்டுமில்லை, புள்ளி முழு வெள்ளையும் இல்லை. துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, கழுத்தில் நூலை இறுக்கிச் சுற்றுகிறார்கள். நூல் மூடிய இடம் வெள்ளையாக நிற்கும். மூடாத உச்சியில் சாயம் ஏறி நடுவில் கடுகு மாதிரி ஒரு பொட்டு. நூல் தளர்ந்த பக்கம் சாயம் கசிந்து ஓரம் கலங்கியிருக்கும். ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இல்லை.

"நீயும் போட்டுப் பாரு" என்று பழைய வேட்டித் துண்டும் நூலும் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் பதினாறு முடிச்சு போட்டேன். விரல் நுனி எரிந்தது. சாயத்தில் இரண்டு அவிழ்ந்தே போயின. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கூலி எப்படி என்று கேட்டேன். "முடிச்சுக் கணக்குத்தான்" என்றார். அச்சுச் சேலை வந்த பிறகு அந்தக் கணக்கும் குறைந்துவிட்டதாம். வீட்டில் யாரும் கற்றுக்கொள்ளவில்லையாம். கண்ணும் இப்போது சரியில்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஒரே புள்ளியை ஐயாயிரம் முறை ஒட்டிய நானும் அந்த அச்சு மெஷின்தானே?

திரும்ப ஆரம்பித்தேன். பாட்டி கொடுத்த துணியையும் என் கிறுக்கல் துணியையும் நிழலான இடத்தில் வைத்து நிறத்துக்கு ஒரு போட்டோ. பிறகு இருட்டறையில் டேபிள் லாம்பைச் சாய்த்து இடது, வலது, மேல், கீழ் என்று நான்கு பக்கமும் வைத்து நான்கு போட்டோ. இடது வலது வித்தியாசம் நார்மல் மேப்பின் சிவப்புக்கு, மேல் கீழ் வித்தியாசம் பச்சைக்கு. நாற்பது வெவ்வேறு புள்ளிகளை வெட்டி எடுத்து, திருப்பி, கலைத்து, கொஞ்சம் வரிசை பிசகவும் விட்டேன். இந்த முறை நிழல் என்று நான் எதையுமே வரையவில்லை. பாட்டி திரும்பியபோது நிழல் தானாக இடம் மாறியது.

முடிந்ததைக் காட்டினேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து பார்த்தார். முந்தானையில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இங்க நூலு தளர்ந்திருக்கு. யாரு போட்டது?"

"நான்தான் பாட்டி."

"தெரியுது."

குறும்படம் இரண்டு நிமிடம். அதில் சேலை நெருக்கமாகத் தெரிவது சில நொடிகள்தான். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் "ஆடை" என்ற வரியில் என் பெயருக்கு மேலே பாட்டியின் பெயரைப் போட்டேன். எழுத்து சரியா என்று கேட்கப் போனபோது, "பேரெல்லாம் போடுற, முடிச்சுக்கு எவ்வளவு கூலி தருவ?" என்று கேட்டுவிட்டுப் பொக்கை வாய் தெரியச் சிரித்தார். வேடிக்கைக்குத்தான் கேட்டார் என்று தெரியும். ஆனால் என்னிடம் பதில் இல்லை.