புதுநகரத்தில் பழசு ஏது?

1989இல் தென்கொரிய அரசு அறிவித்த புதுநகரங்களில் ஒன்று, சியோலுக்குத் தெற்கே உள்ள புந்தாங். அடுக்குமாடிக் காட்டில் காலாற நடந்து பார்க்க என்ன இருக்கிறது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அவசரத் தீர்ப்பு அது. மத்தியப் பூங்காவுக்குள்ளேயே ஹன்சான் யி குலத்தாரின் பழைய கல்லறைகள் இருக்கின்றன. அவர்கள் வாழ்ந்த ஊரின் மிச்சமாகக் கூரை வேய்ந்த வீடொன்றும் நிற்கிறது. ஊரை அழித்துவிட்டு ஒற்றை வீட்டைக் காட்டுவதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நடைப்பயிற்சிக்கு வருகிறவர் கண்ணில் அது படுவதால்தான், அழிந்தது எவ்வளவு என்பதும் உறைக்கிறது.

புந்தாங்கின் ஜோங்ஜா-தோங் பகுதியில் உள்ள காபிக்கடைத் தெரு பணக்காரர்களுக்கானது என்ற குறையும் உண்டு, மறுக்க முடியாது. இருந்தாலும், பக்கத்தில் ஓடும் தான்சோன் ஓடைக்கரையில் நடக்க யாரும் காசு கேட்பதில்லை.