பட்டன் தேயலை, டயருக்கு வயசாயிடுச்சு



போன வாரம் நம்ம ஹெரால்டு காருக்கு ஐந்து புது டயர் வாங்கி, போட்டோ போட்டிருந்தேன். வாழ்த்தைவிடக் கேள்விதான் அதிகம் வந்தது. "பழைய டயர்ல பட்டன் அப்படியே இருக்கே டீச்சர், எதுக்கு மாத்தினீங்க?" என்று ஒரு பத்துப் பேர். "இவ்வளவு ஒல்லியா இருக்கே அத்தை, அகலமா போட்டிருக்கலாமே" என்று கல்யாண மாப்பிள்ளை. "அண்ணன் கடைசியா வாங்கிப் போட்டது, அதையும் கழட்டிட்டீங்களே அண்ணி" என்று நாத்தனார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்காக முதலில் வண்டியைப் பற்றி. இங்கிலாந்தில் 1959-இல் வந்தது டிரையம்ப் ஹெரால்டு. உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம்ம சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி இதையே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று செய்து விற்றது. இஞ்சின் 948 சிசி. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட்டோடு வண்டியின் முன்பாதியே எழுந்து நிற்கும். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். முத்தியால்பேட்டைத் தெருக்களுக்கென்றே செய்தது போல இருக்கும். இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-இல் 'ஸ்பிட்ஃபயர்' என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதனால் எங்க வீட்டுக்காரர், "நம்மளது ஸ்போர்ட்ஸ் காரோட அக்கா" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். இளவயதில் சோழவரம் ரேஸ் பார்க்கப் போய் வந்த மனுஷர், வேறு எப்படிச் சொல்வார்!

இப்போது முதல் கேள்வி. பட்டன் இருக்கும்போது ஏன் மாற்ற வேண்டும்?

தினமும் ஓடும் வண்டியில் டயர் தேய்ந்து முடியும். எப்போதாவது ஓடும் வண்டியில் டயர் தேயாமலே கெட்டுப்போகும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று பத்தாம் வகுப்பில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? வல்கனைசிங். டயரில் அந்த இறுக்கம் தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. சூடும் ஆக்சிஜனும் பட்டுப் பட்டு, வருஷா வருஷம் ரப்பர் கெட்டியாகிக்கொண்டே போகும். காற்றிலுள்ள ஓசோன் அதில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். இதைத் தடுக்க டயருக்குள் ஒருவகை மெழுகு சேர்த்திருப்பார்கள். வண்டி ஓடி டயர் நெகிழும்போதுதான் அது நன்றாக மேலே கசிந்து வந்து பூச்சாகப் படியும். ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு.

டயரின் வயதைக் கண்டுபிடிப்பது சுலபம். பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். எங்கள் பழைய டயரில் 1411 என்று இருந்தது. 2011-ஆம் வருஷம் 14-ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கம். ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷாவருஷம் சோதிக்க வேண்டும், எப்படி இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று டயர் செய்பவர்களே சொல்கிறார்கள். நம்மளதுக்குப் பதினாலு ஆகிவிட்டது. பட்டன் ஆழம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரைப்போல மூன்று மடங்கு இருந்தது. ஆனால் பக்கவாட்டை விரலால் அழுத்திப் பார்த்தால், வறண்ட ஏரி மாதிரி பொடிப்பொடியாக வெடிப்பு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஆவணியில் தம்பி மகனுக்குக் கல்யாணம். மணிக்கூண்டுப் பக்கமிருந்து கோட்டக்குப்பம் வழியாகக் காலாப்பட்டு வரை, பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஹெரால்டில்தான் கூட்டிப்போக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. எனக்கும்தான். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்கள் வரும் வேகம் உங்களுக்கே தெரியும். சூடான ரோட்டில், நாலு பேர் பாரத்தோடு, பதினாலு வருஷ டயர் ஒன்று வெடித்தால், அந்த வண்டியில் சீட் பெல்ட்டும் கிடையாது.

இரண்டாவது கேள்வி, அகலம். மாப்பிள்ளை 175/70 ஆர்13 என்று ஒரு டயரின் படம் அனுப்பியிருந்தான். பார்க்க நல்ல எடுப்பாகத்தான் இருந்தது. கண்ணு, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹெரால்டுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த அளவு 5.20-13. அகலம் 5.20 அங்குலம், அதாவது 132 மில்லிமீட்டர். ரிம்மின் விட்டம் 13 அங்குலம். ரிம்மின் அகலமோ மூன்றரை அங்குலம்தான். அதில் 175 போட்டால், குறுகின நாற்காலியில் பருத்த ஆள் உட்கார்ந்த கதை. டயர் ரிம்மில் ஒழுங்காகப் பதியாது. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை நிறுத்தித் திருப்பவும் கை வலிக்கும்.

இன்னொரு பெரிய காரணமும் உண்டு. ஹெரால்டின் பின்சக்கரம் ஒவ்வொன்றும் நடுவிலிருந்து கீல் போட்ட கதவு மாதிரி தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வளைவில் வேகமாகத் திரும்பி, பயந்துபோய்ச் சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால், பின்பக்கம் தூக்கிக்கொண்டு வெளிச்சக்கரம் உள்ளே மடியும். டயர் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுத்தால் அந்த விசை குறையும். பிடிவாதமாகத் தரையைப் பிடித்தால், அதே விசை வண்டியைத் தூக்கத்தான் போகும். இந்த வண்டிக்குப் பிடிப்பு கூடினால் பத்திரமும் கூடும் என்பதில்லை. பின்னாளில் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசலில் இந்த அமைப்பையே எடுத்துவிட்டு, சாதாரண அச்சு வைத்தார்கள்.

அதனால் நான் வாங்கியது 145/80 ஆர்13. அகலம் 145. அதில் 80 சதவீதம் 116, அதுதான் பக்கவாட்டு உயரம். மேலும் கீழுமாக 232. ரிம்முக்கு 330 சேர்த்தால் மொத்த விட்டம் 562 மில்லிமீட்டர். பழைய டயரின் உயரத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. மூன்றரை அங்குல ரிம்மிலும் சரியாக உட்காரும். பாரக் குறியீடு 75, அதாவது ஒரு டயர் 387 கிலோ தாங்கும். நாலும் சேர்ந்து 1,548. வண்டி சுமார் 800 கிலோ, மீதி நமக்குத் தாராளம். இதற்காக வெளிநாட்டில் தேடவும் வேண்டியதில்லை. வேகன் ஆர் காரில் ஒரு தலைமுறைக்கு வந்த அளவுதான் இது.

முதலில் போன கடையில் "புதுசும்மா, பேப்பர்கூடப் பிரிக்கல" என்று காட்டினார்கள். எண்ணைப் பார்த்தால் ஆறு வருஷத்துக்கு முந்தினது. கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு நம்ம பழைய மாணவன் ஒருவனின் கடையில் 2225 கிடைத்தது. "எங்களுக்குப் பாடம் நடத்தின மாதிரி டயருக்கும் ஹாஜர் எடுக்கிறீங்களே டீச்சர்" என்று சிரித்தான். ரிம் பழையது என்பதால், ரேடியலுக்கு உரிய டியூப் உள்ளே போட்டு, வீல் பேலன்சிங்கும் செய்துகொடுத்தான். டிக்கியிலிருந்த ஸ்டெப்னி அந்தக் காலத்து கிராஸ் பிளை. அதையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலந்து போடக்கூடாது, இரண்டும் வளைவில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். அதனால்தான் நாலு வாங்காமல் ஐந்து. காற்று, கம்பெனிப் புத்தகம் சொல்கிறபடி முன்சக்கரத்தில் குறைவு, பின்சக்கரத்தில் கூடுதல்.

கடைசியாக நாத்தனாருக்கு. அம்மா, உன் அண்ணன் அந்த டயரை வாங்கிய நாள் எனக்கும் மறக்கவில்லை. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. அவர் துடைத்து வைத்த டயரைத் தொடவே எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் அவர் டயர் வாங்கினது வண்டியில் ஏறுகிறவர்கள் பத்திரமாக இறங்கணும் என்றுதானே? சின்ன வெடிப்பு பார்த்தால் ஸ்கூட்டர் டயரைக்கூட விடமாட்டார். அவர் இருந்திருந்தால் நாலு வருஷம் முன்பே மாற்றியிருப்பார். அவருடைய வாட்ச் அலமாரியில் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. அதெல்லாம் ஞாபகத்துக்கு. டயர் ரோட்டுக்கு.

கழற்றின டயரைச் செகண்ட்ஹேண்டுக்குக் கேட்டார்கள். கறுப்பு பூசி யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள் என்று கொடுக்கவில்லை. வைத்திக்குப்பத்து மாணவன் ஒருவன் வந்து, கயிறு கோக்க ஓட்டை போட்டு எடுத்துப்போனான். இப்போது அவை தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு உரசாமல் தாங்கிக்கொண்டு தொங்குகின்றன. வெயிலும் உப்புக்காற்றும் இனி என்ன செய்தாலும் யாருக்கும் ஆபத்தில்லை.

சரி, வீட்டுப்பாடம். இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வண்டியின் டயரில் அந்த நாலு எண்ணைப் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து. அப்பா அம்மாவுக்காக ஊரில் நிறுத்தி வைத்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், முதலில் அந்த வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணைக் கீழே எழுதுங்கள். வழக்கம்போல நான் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்,
முத்தியால்பேட்டை