அப்பா வேண்டாமென்ற ஐநூறு ரூபாய்



எங்க அப்பா கார் முன்கண்ணாடியில் விழும் விரிசலை, வண்டி நிற்கும் இடத்துக்கே போய்ச் சரிசெய்யும் தொழில் தொடங்கினார். அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் சாமான் வாங்கினோம்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள். கல் தெறித்த இடத்தில் காற்றை உறிஞ்சி, ரெசின் பசையைச் செலுத்தி, புறஊதா விளக்கில் இறுக வைக்க வேண்டும்.

முதல் மாதம் ஒருத்தரும் கூப்பிடவில்லை. ஒரு சனிக்கிழமை, கோவை ரயில் நிலைய டாக்சி ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுக்க நானும் போனேன். நம்ம வகுப்புத் தோழனின் அப்பா வருவதைப் பார்த்ததும், வெட்கப்பட்டு டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அப்போது ஒரு டிரைவர் அண்ணன், "ஏனுங்க, இதச் சரி பண்ணுங்க, ஐநூறு தர்றேன்" என்றார். நீலாம்பூர் பைபாஸில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போனபோது பட்ட கல்லாம். விரிசல் ஒரு சாண் நீளம்!

"இது நிக்காதுங்க. ஓட்டறவர் கண்ணுக்கு நேரா வேற இருக்குது. கண்ணாடியையே மாத்திடுங்க" என்றார் அப்பா.

எனக்குக் கோபம். "வந்த காச விட்டுட்டீங்களேப்பா!"

"கண்ணு, ராத்திரி எதிர்வண்டி லைட் பட்டா அந்த எடம் கூசும். வண்டில நாலு பேரு போவாங்கல்ல?"

அடுத்த வாரம் அதே அண்ணன் இரண்டு டிரைவர்களை அனுப்பினார். இரண்டும் காசளவுப் புள்ளிதான். அவங்கதான் எங்கள் முதல் வாடிக்கையாளர்கள்.

வளையல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் நான் இப்போது ஒளிவதில்லை.

உங்க வீட்டு வண்டியில் புள்ளி விழுந்தால், தூசியும் தண்ணீரும் போகாமல் உடனே டேப் ஒட்டி வையுங்கள். வெயிலில் விட்டால் விரிசல் ஓடிவிடும்!

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு