கடற்பாசி மேயும் ஆடுகள்... கல்மதில் காக்கும் தீவு!

ஆடு உள்ளே வராமல் இருக்க வயலைச் சுற்றி வேலி போடுவோம். ஒரு தீவையே சுற்றி மதில் கட்டி, ஆடுகளைக் கடற்கரைப் பக்கம் விட்டவர்களைத் தெரியுமா? ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில், வடகோடியில் இருக்கிறது நார்த் ரொனால்ட்சே. நீளம் 5 கிலோமீட்டர்தான். கிர்க்வால் நகரிலிருந்து சின்னஞ்சிறு விமானத்தில் போனால், கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். மரங்கள் அபூர்வம், காற்று ஓய்வதே இல்லை.

ஒருகாலத்தில் ஆர்க்னி முழுக்க நார்வே மன்னர்களுக்குச் சொந்தம். 1468-ல் மகளின் சீதனத்துக்கு ஈடாக அடகு வைத்தார் மன்னர். பணம் வந்து சேரவில்லை. தீவுகள் ஸ்காட்லாந்து வசமாயின.

கடற்பாசியை எரித்துக் கிடைக்கும் சாம்பல், கண்ணாடி, சோப்பு செய்யப் பயன்பட்டது. அதுதான் இந்த மக்களின் பிழைப்பு. மலிவான மாற்றுப்பொருள் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பிறகு, பயிரும் மாடும்தான் கதி என்றானது. வயலைக் காப்பாற்ற 1832-ல், சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி, சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆள் உயர மதிலை எழுப்பினார்கள். ஆடுகள் வெளியே தள்ளப்பட்டன.

அங்கே புல் சொற்பம். ஆடுகள் கடற்பாசியைத் தின்னப் பழகின. கடல் உள்வாங்கும்போது மேய்ச்சல். நீர் ஏறும்போது அசைபோடுதல். குளிர்காலப் புயல் பாசியைக் கரையில் குவித்துவிடும் என்பதால், மற்ற ஆடுகள் மெலியும் பருவத்தில் இவை கொழுக்கின்றன.

கடற்பாசியில் தாமிரச் சத்து குறைவு. அந்தக் கொஞ்சத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்படி இவற்றின் உடல் மாறிவிட்டது. அதனால் நீண்டநாள் புல்லில் விட்டால், தாமிரம் ஈரலில் தேங்கி நஞ்சாகிவிடும். குட்டி போட்ட தாய் ஆடுகளுக்கு மட்டும், பால் சுரக்க வேண்டுமே என்று கோடையில் மதிலுக்குள் இடம் கொடுக்கிறார்கள்.

‘அப்படியானால் நம் ஆட்டுக்கும் பாசி போடலாமா?’ என்று கேட்கத் தோன்றும். வேண்டாம். இது பல தலைமுறைகளாகப் பழகிய இனத்துக்கே உரிய தீவனம்.

ஆடுகளின் காதில் வெட்டிய அடையாளம்தான் உரிமைப் பத்திரம். மேய்ச்சலையும் மதிலையும் நிர்வகிக்க ‘ஆட்டு மன்றம்’ என்ற ஊர் அமைப்பு உண்டு. ஆடுகளை மடக்கிக் கல்பட்டியில் அடைக்கும் நாளில், ஊரே கரையில் நிற்கும். பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருக்கும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வலசைப் பறவைகள் வந்திறங்கும். அவற்றைக் கணக்கெடுக்க 1987-ல் ஒரு பறவை ஆய்வு நிலையமும் தொடங்கப்பட்டது.

ஆனால், மதிலைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. 19-ம் நூற்றாண்டில் 500 பேருக்கு மேல் வாழ்ந்த தீவில், 2011 கணக்கெடுப்பின்படி 72 பேர்தான். பிழைப்பு தேடி இளையவர்கள் போய்விட்டார்கள். 2012 டிசம்பர் புயல் மதிலை நெடுகச் சரித்துப்போட்டது. மதில் விழுந்தால் ஆடுகள் புல்லுக்குள் புகும். வேறு ஆடுகளோடு கலந்துவிட்டால் இனமும் அழியும்.

அதனால் 2016 முதல், கோடையில் வெளியூர்த் தன்னார்வலர்களை வரவழைத்து, விழுந்த கல்லை எடுத்து அடுக்குகிறார்கள். கலங்கரை விளக்க வளாகத்தில் உள்ள சிறிய ஆலையில், இந்த ஆட்டு ரோமம் நூலாகி விற்பனைக்குப் போகிறது. நாட்டு இனத்தைக் காக்க நல்ல கிடா மட்டும் போதாது. மேய்ச்சல் நிலமும், அதைப் பராமரிக்க ஊரில் ஆளும் இருக்க வேண்டும்.