இல்லை என்பதற்கும் ஒரு சொல்

சீட்டாட்டத்தைப் பொழுதுபோக்கு என்றும், சில வேளை பொழுதைப் பாழாக்குதல் என்றும் கருதுவதே நம்மிடையே வழக்கம். ஆயினும் பிரிட்ஜ் எனப்படும் ஆட்டத்தின் முற்பாதி, சீட்டு ஒன்றேனும் மேசையில் விழுமுன்னரே, சொற்களால் மட்டும் நடைபெறுவதாகும். நால்வர் இருவர் இருவராக இணைந்து ஆடும் இவ்வாட்டத்தில், எதிரெதிரே அமர்ந்த இணையாளர் தத்தம் கையிலுள்ள 13 சீட்டுகளின் தன்மையை ஒருவர்க்கொருவர் உணர்த்த வேண்டும். அதற்கு அவர்களுக்கு வாய்த்த மொழியோ மிகச் சிறியது. கிளாவர், டயமன், ஆடுதன், இஸ்பேட், துரும்பின்மை என ஐந்து வகை. வகைக்கு ஏழு படி. ஆக 35 கேள்விகள். அவற்றோடு பாஸ், இரட்டிப்பு, மறு இரட்டிப்பு என்னும் மூன்று சொற்கள். முன்னூற்றிநான்கு ஆட்டத்தில் கேட்டுப் பழகியோர் இதன் இயல்பை எளிதில் உணர்வர். முன்னவர் கேட்டதற்கு மேற்பட்டதையே பின்னவர் கேட்கலாம். தாண்டிய படிக்கு மீள இயலாது.

இச்சிறுமொழியில் மிகத் தாழ்ந்த கேள்வி ‘கிளாவர் ஒன்று’. அதனைக் கிளாவர் இனத்தோடு தொடர்பற்ற ஓர் அடையாளமாக்கி, ‘என் கை மிக வலியது’ என்னும் பொருளை அதற்கு ஏற்றியவர் ஹரோல்ட் வான்டர்பில்ட் என்னும் அமெரிக்கர். 1925ஆம் ஆண்டின் கடற்பயணமொன்றில் இன்றைய பிரிட்ஜுக்கு உருவங்கொடுத்த அவரே, 1929இல் வெளியிட்ட நூலில் இம்முறையையும் விளக்கினார். வலிய கையைத் தாழ்ந்த படியிலிருந்து அறிவித்தால், மேற்கொண்டு உரையாடுவதற்கு இடம் மிகுதியாக எஞ்சும் என்பதே இதன் நியாயம்.

ஆனால், முறையின் உயிர் தொடக்கத்திலன்று, மறுமொழியிலேயே தங்கியுள்ளது. எதிரிகள் இடைபுகாதவிடத்து, இணையாளர் தம் கையில் ஒன்றுமில்லையென்று வாளாவிருந்தால் ‘கிளாவர் ஒன்று’ என்பதே முடிந்த கேள்வியாகிவிடும். தொடங்கியவர் கையிலோ கிளாவர் இரண்டே இருக்கலாம். எனவே ஏதுமற்ற கைக்குரியவரும் பேசியே ஆக வேண்டும். இல்லை என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். அச்சொல் எது?

இதற்குக் கணக்கே விடை கூறுகிறது. ஆசுக்கு 4, இராசாவுக்கு 3, இராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என எண்ணினால் சீட்டுக்கட்டின் மொத்தப் புள்ளி 40. தொடங்குபவரிடம் குறைந்தது 16 இருப்பின், எஞ்சிய மூவருக்கும் உரியது 24க்கு மேற்படாது; ஒருவர்க்குச் சராசரி எட்டு, அல்லது அதனினும் குறைவு. ஆகவே ஏறத்தாழப் பாதி வேளைகளில் மறுமொழி கூறுபவர் ஏழு புள்ளியோ அதனிற் குறைந்ததோ உடையவராவார். அடிக்கடி சொல்ல நேர்வதற்கு மிக மலிந்த சொல்லை வழங்குவதே சிக்கனம். அதனாலேயே ‘டயமன் ஒன்று’ வலுவற்ற கைக்கு உரியதாயிற்று.

வலுவுள்ள கை எவ்வாறு பேசுவது என்பதில் இருவேறு மரபுகள் எழுந்தன. இத்தாலியரின் நேப்பிள்ஸ் முறையும், அதன் வழிவந்த நீலக் கிளப் முறையும் ஆசுக்கு இரண்டு, இராசாவுக்கு ஒன்று என எண்ணி அத்தொகையைப் படிப்படியாக அறிவித்தன. இஸ்பேட் ஒன்று என்றால் மூன்று. துரும்பின்மை ஒன்று என்றால் நான்கு. கிளாவர் இரண்டு என்றால் ஐந்து. விடை துல்லியமானது, எனினும் எந்த இனம் நீண்டது என்பதை அது கூறுவதில்லை. கப்பற்றொழிலில் ஈடுபட்டிருந்த சி. சி. வெய் வகுத்த பிரிசிஷன் முறையோ எளிமையை நாடியது. எட்டுப் புள்ளியும் ஐந்து சீட்டு நீண்ட இனமும் இருந்தால், அந்த இனத்தையே சொல்லுக என்றது. இருவரிடத்தும் சேர்ந்து 24 புள்ளிக்குக் குறையாது என்பதால், இணையாளர் அச்சமின்றி மேற்செல்லலாம்.

தேர்ந்த ஆட்டக்காரரெனப் பெயர் பெறாத வெய்யின் முறையைக் கையாண்டு, தாய்வான் அணி 1969இலும் 1970இலும் உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை சென்றது. 1969இல் அதனை வென்றவர்கள் இத்தாலியரே. ஆகவே எளியதே எப்போதும் வெல்லும் எனக் கூறுதற்கில்லை. நெடுங்காலம் இணைந்து பழகியோர் பாரமான முறையையும் சுமப்பர். புதிதாய் இணைந்தோர் நிலை வேறு.

முறையொன்றை வகுக்க அமரும் இருவருக்கு முதலில் எழும் ஆசை, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பதே. ஒவ்வொரு படிக்கும் ஒரு பொருள், அப்பொருளுக்கு ஒரு விலக்கு எனக் குறிப்பேடு நிரம்பும். மேசையிலோ ஒருவர் ஆசுகளைக் கருதிச் சொன்னதை மற்றவர் இனமெனக் கொள்வார். இழந்த பிடிகளினும் பெரிய இழப்பு, அடுத்த கேள்வியில் ஒருவரையொருவர் நம்பத் தயங்குவதாகும். மறக்கக்கூடிய விதி, இல்லாத விதியினும் கொடியது.

எதிரிகளும் சும்மா இருப்பதில்லை. தொடங்கியவர் தமது இனத்தை இன்னும் வெளியிடவில்லை என்பதறிந்து, இடைபுகுந்து படிகளைப் பறிப்பர். அப்போது நுணுக்கமான ஏணிகள் முறிகின்றன. எளிய உடன்பாடே நிலைக்கும். பலர் கைக்கொள்ளும் ஏற்பாடொன்றில், பாஸ் நான்கு வரையிலான புள்ளியையும், இரட்டிப்பு ஐந்து முதல் எட்டு வரையிலான புள்ளியையும் குறிக்கும். தொடங்கியவருக்கு மீண்டும் முறை வருவதால், முன்னர் தகாதிருந்த மௌனம் இப்போது பொருளுள்ள சொல்லாகிறது.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. இவ்வுடன்பாடுகளை எதிரிகளிடமிருந்து மறைத்தல் ஆட்டச் சட்டத்துக்கு முரணானது. கேட்டால் விளக்கியே ஆக வேண்டும். எனவே இணையாளருக்குத் தெளிவாக, எதிரிக்கும் ஒளிவின்றி உரைக்கத்தக்க மறுமொழியே நன்கு வகுக்கப்பட்டதாகும். அவ்வாறு வகுக்க முனைவோர் தம்மிடம் கேட்க வேண்டிய முதல் வினா, ‘நல்ல கை வந்தால் எவ்வளவு சொல்லலாம்’ என்பதன்று. ‘ஒன்றுமில்லாதவர் அதனை எவ்வளவு எளிதாகச் சொல்லலாம்’ என்பதே.