ஞாயிற்றுக்கிழமை அடுப்பு

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மேல் திருப்பூர்க் கடைவீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்லப்போவது எளிதில் விளங்கும். வாரக் கூலி கைக்கு வந்த இரவு அது. பனியன் கம்பெனிகளிலிருந்து டெய்லர்களும், செக்கிங் பெண்களும், கைமடிப் பிள்ளைகளும் ஒரே வேளையில் வெளிப்பட, மளிகைக் கடை முதல் மருந்துக் கடை வரை நிற்க இடமிராது. மறுநாள் விடிந்தால் இறைச்சிக் கடைகளின் முறை. ஆறு நாளும் ஒன்றரை ஷிப்டு உழைத்தவர்கள், அதாவது காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டுக்கு மேல் வெளியே வந்தவர்கள், ஏழாம் நாள் ஒரு வேளையாவது கறியும் சோறுமாக வீட்டாரோடு உட்கார்ந்து உண்ண விரும்புவது இயல்பே.

எங்கள் இல்லத்தில் அந்தக் கறி பெரும்பாலும் வெண்பன்றிக் கறியாகவே இருந்து வந்திருக்கிறது. ஆறு மணிப் பூசை முடிந்து திரும்பும் வழியிலேயே வாங்கி வந்துவிடுவோம். அதன் பிறகு நடப்பதுதான் எங்கள் கதை. நாங்கள் இருவரும் வயதானவர்கள். மகன் நிட்டிங்கில் இரவு ஷிப்டு, மருமகள் செக்கிங், பேரப்பிள்ளைகள் இருவர். கறி கழுவி, வெங்காயம் உரித்து, மசாலை அரைத்து, தாளித்து, வேகவிட்டு, சோறு வடித்து, பிற்பகல் ஒன்றரைக்கு இலை போடும்போது மருமகளின் முகம் சனிக்கிழமை இரவு கம்பெனியிலிருந்து வந்த முகத்தைவிட வாடியிருக்கும். அதை நாங்கள் பல ஆண்டுகள் கவனிக்கவே இல்லை. ஞாயிறு என்றால் கறி, கறி என்றால் மருமகள் என்பது வீட்டு வழக்கமாகிப் போயிருந்தது.

ஒரு ஞாயிறு, கறி சற்று விறைப்பாக இருக்கிறது என்று எங்கள் பக்கத்திலிருந்து ஒரு சொல் வந்துவிட்டது. ('நாங்கள்' என்று எழுதுவதில் ஒரு வசதி உண்டு, சொன்னது எவர் என்று வெளியே தெரியாது.) மருமகள் கோபப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தை, கம்பெனியில்கூட ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்திவிடுகிறார்கள். நம்ம வீட்டு அடுப்புக்கு அதுவும் கிடையாதுங்களா?" என்று மட்டும் கேட்டாள். அன்று அவள் உண்ணாமலே போய்ப் படுத்துக்கொண்டாள். மகன் எங்களையும் பார்க்கவில்லை, தட்டையும் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையால் ஒரு வீடு எவ்வளவு அமைதியாகிவிட முடியும் என்பதை அன்று கண்டோம்.

அந்த அமைதி மூன்று வாரம் நீடித்தது. அப்போதுதான் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் 'ஸ்லோ குக்கர்' என்னும் மின்பானை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கனத்த பீங்கான் பானை, அதைச் சுற்றி மின்கம்பி ஓடும் உறை, மேலே கண்ணாடி மூடி. அங்கும் நம் நாட்டைப் போலவே 230 வோல்ட் என்பதால் தொல்லையில்லை. பிளக்கின் கட்டைக் கால்களுக்கு மட்டும் ஓர் இணைப்பு வாங்க வேண்டியிருந்தது. "இதில் கறியைப் போட்டு மூடிவிட்டு ஊருக்கே போய் வரலாம். சாயங்காலம் வந்தால் எலும்பு தானாகக் கழன்று, கறி நாராகப் பிரியும்" என்றார். அமெரிக்காவின் தென்பகுதியில், குறிப்பாகக் கரோலினா மாநிலங்களில், பன்றியின் தோள்கறியை விறகுத் தணலில் இரவெல்லாம் வாட்டி, பிய்த்து, காடியும் மிளகாயும் சேர்த்து ஊராருக்கே பரிமாறுவார்களாம். அதைத்தான் இப்போது வீட்டுக்குள் இந்தப் பானையில் செய்கிறார்கள்.

கேட்டதும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஏனெனில் மெதுவாக வேகவைப்பது நமக்குப் புதிதன்று. எங்கள் இளமையில் வீட்டுக்கு வீடு மரத்தூள் அடுப்பு இருந்தது. தகர டின்னின் நடுவே ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, கட்டையை மெல்ல உருவிவிட்டுக் கீழே ஒரு சிறாயைப் பற்றவைத்தால் பல மணி நேரம் கனன்றுகொண்டே இருக்கும். ஊதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அதன்மேல் ஆட்டுக்காலை இரவில் ஏற்றிவிட்டுப் படுத்தால், விடியலில் உதடு ஒட்டும் சாறு இறங்கியிருக்கும். இன்னும் பின்னே போனால், 1910-ல் கல்கத்தாவில் மருத்துவர் இந்துமாதவ மல்லிக் 'இக்மிக் குக்கர்' என்ற அடுக்குப் பாத்திரத்தை அமைத்தார். அடியில் சிறிது கரி, மேலே அடுக்கடுக்காகச் சோறும் பருப்பும் கறியும். நம் பக்கத்தில் அதே வகையில் ருக்மணி குக்கர் என்று ஒன்று புழங்கியதைப் பெரியவர்கள் சிலர் இன்னும் நினைவு வைத்திருப்பார்கள்.

இந்த மின்பானை பிறந்த விதம்தான் எங்களை வியப்பில் ஆழ்த்தியது. இதை அமைத்த இர்விங் நாக்ஸன் என்பவர் அமெரிக்காவில் வாழ்ந்த யூதர். அவருடைய தாயார் லித்துவேனியாவின் வில்னா நகரில் வளர்ந்தவர். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டலாகாது என்று விடுதலைப் பயண நூலின் 35-ஆம் அதிகாரம் விதிக்கிறது. ஆகவே வெள்ளி மாலை, பொழுது சாயுமுன், அவ்வூர்க் குடும்பங்கள் அவரையும் இறைச்சியும் இட்ட சட்டியை ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய், அணைந்துவரும் அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிடுவார்கள். மறுநாள் எடுத்து உண்பார்கள். 'சோலெண்ட்' என்பது அதன் பெயர். தாய் சொன்ன இக்கதையைக் கேட்டே மகன் மின்சாரச் சட்டியை எண்ணினார். 1940-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் ரைவல் என்ற நிறுவனம் அதை வாங்கி 1971-ல் 'கிராக்பாட்' என்று பெயரிட்டு விற்க, வேலைக்குப் போகும் தாய்மார்கள் விரும்பி வாங்கினர். பன்றிக்கறியைத் தொடாத ஒரு வீட்டின் ஓய்வுநாள் சட்டியில் நாங்கள் பன்றிக்கறி வைக்கிறோம்! அதை எண்ணும்போது சிறிது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மருமகள் கேட்ட கேள்வியும் அந்தத் தாயின் சட்டியும் ஏறக்குறைய ஒன்றையே பேசுகின்றன அல்லவா?

முதல் முயற்சி படுதோல்வி. அன்று காலை ஒன்பதுக்குக் கறியைப் போட்டு, குறைந்த சூட்டில் திருகிவைத்துவிட்டு, அவிநாசியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் குடும்பமாகப் புறப்பட்டோம். புறப்படுமுன் வாசனை வருகிறதா என்று மூன்று முறை மூடியைத் திறந்து பார்த்ததும் நாங்களே. திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே சேர்ந்த சூடு போய்விடும், மீண்டும் சேர இருபது நிமிடமாவது பிடிக்கும் என்பது அப்போது தெரியாது. மாலை ஐந்துக்குத் திரும்பினால் பானை வெதுவெதுப்பாக இருந்தது. பதினொன்றுக்குப் போன மின்சாரம் நாலுக்குத்தான் வந்தது என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

ஒன்றரைக் கிலோ கறி. "ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்" என்றோம். மருமகள் மறுத்தாள். 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பில் கிடக்கும் இறைச்சியில் கிருமிகள் பெருகும். அவற்றுள் சில கக்கும் நஞ்சு மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. இதை அவள் தன் கைபேசியில் படித்துக்காட்டினாள். "பிள்ளைகள் சாப்பிட வேண்டாம், நாங்கள் மட்டும் சாப்பிடுகிறோம்" என்றுகூட வாதாடினோம். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வருமா? அவளுடைய ஒரு நாள் கூலிக்கு மேல் அந்தப் பானையில் கிடந்தது. அவள்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினாள். அன்றிரவு அரிசி பருப்புச் சாதம். ஆனால் ஒன்று நடந்தது. மகன் அவளுக்காகப் பேசினான். "அவள் சம்பாதித்ததை அவள் கொட்டுகிறாள், நமக்கு வயிறு தப்பியதே, விடுங்கள்" என்றான். மூன்று வாரத்து அமைதி அந்த ஒரு வாக்கியத்தில் உடைந்தது. நாங்களும் வாய் திறந்து, அன்று கறி விறைப்பு என்று சொன்னதற்கு வருத்தம் தெரிவித்தோம். தெரிவிக்க ஒரு கெட்டுப்போன கறி வேண்டியிருந்தது.

இப்போது நாங்கள் செய்யும் முறையைச் சொல்கிறோம். கடைக்காரரிடம் முன்சப்பையாகக் கேட்க வேண்டும். பழக்கத்தில் அவர் சிறு துண்டாக வெட்டத் தொடங்கிவிடுவார். உடனே தடுத்து, ஒன்றரைக் கிலோவை நாலைந்து பெருந்துண்டாக எலும்போடு வாங்கிக்கொள்ளுங்கள். தொடைக்கறி கொழுப்புக் குறைந்தது, நெடுநேரம் வெந்தால் சக்கையாகிவிடும். சப்பையில் சவ்வு அதிகம். அந்தச் சவ்வுதான், ஆட்டுக்காலில் நிகழ்வதுபோல, மணிக்கணக்கான மிதச் சூட்டில் கரைந்து பசையாகி, நாரைப் பிரியவும் செய்கிறது, ஈரமாகவும் வைக்கிறது. விரைந்து வேகவைத்துப் பாதியில் இறக்கினால் அது கரையாமல் விறைத்து நிற்கும். எங்கள் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குக் காரணம் மருமகளின் கையன்று, நேரமின்மையே.

மசாலைக்கு நாங்கள் அமெரிக்காவுக்குப் போகவில்லை. பள்ளிபாளையம் வரை போனால் போதும். விதை நீக்கிய காய்ந்த மிளகாய் இருபது, சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு இரண்டு முழுப்பல், விரல் நீள இஞ்சி, மஞ்சள், ஒரு கரண்டி மிளகும் சீரகமும், உப்பு. இவற்றோடு புளிப்புக்கு மூன்று மேசைக்கரண்டி காடி, நெல்லிக்காயளவு கருப்பட்டி. போத்தனூர் இரயில்வே காலனி ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் விந்தாலுவை உண்டவர்களுக்குக் காடி பன்றிக்கறிக்குச் செய்யும் நன்மை தெரியும். கொழுப்பின் திகட்டலை அது அறுக்கும். தண்ணீர் அரை டம்ளர் போதும். ஆவி வெளியே போகாததால் கறியே சாறு விடும்.

மின்வெட்டுப் பாடத்திற்குப் பிறகு, முதலில் எல்லாவற்றையும் காஸ் அடுப்பில் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டே பானைக்கு மாற்றுகிறோம். அப்படிச் செய்தால் பானை சூடேறும்வரை கறி வெதுவெதுப்பில் கிடக்காது. வீட்டில் ஒருவராவது இருக்கிறோம். மின்சாரம் போனால் காத்திராமல் காஸ் அடுப்பிலேயே முடித்துவிடுவோம். குளிர்பெட்டியில் உறைந்த கறியை அப்படியே போடலாகாது. பன்றிக்கறியை அரைவேக்காட்டில் உண்டால் நாடாப்புழுத் தொல்லை வரலாம் என்பது பழைய எச்சரிக்கை. பத்து மணி நேரம் வெந்த கறியில் அந்த அச்சமில்லை. எங்கள் பானை 210 வாட். பத்து மணி நேரத்துக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும்.

பிரஷர் குக்கரில் முக்கால் மணியில் முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், நன்றாகவும் இருக்கும். ஆனால் விசிலை எண்ண ஒருத்தி நிற்க வேண்டும். அந்த ஒருத்தி எப்போதும் யார் என்பதுதான் எங்கள் வீட்டுத் தகராறு.

பானை வைத்திருப்பவர்கள் அயலாரையும் எண்ண வேண்டும். பத்து மணி நேரமும் வாசனை வீசும். எங்களைப் போல லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு இது சிறிய செய்தியன்று. அடுத்த சுவருக்கு அப்பால் இதை உண்ணாதவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பின்கட்டு வராந்தாவில், காற்று வயல் பக்கம் போகும் இடத்தில் வைக்கிறோம். பூனையிடமிருந்து காக்க மூடிமேல் அம்மிக் குழவியை வைத்தோம். கண்ணாடி விரிசல் கண்டது. இப்போது பேரன் காவல்.

இப்படியாக எங்கள் ஞாயிற்று விருந்து பகலிலிருந்து இரவுக்கு மாறிவிட்டது. காலை ஒன்பதுக்குப் பானையை மூடினால் மருமகள் போய்ப் படுத்துவிடுகிறாள். பகலுக்குத் தயிர்ச்சோறும் ஊறுகாயும். எவரும் குறை சொல்வதில்லை. மாலை ஏழுக்கு முன்னரே எலும்பை உருவி, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, கறியை இரண்டு முள்கரண்டியால் பிய்க்கிறோம். பேத்திக்கு மிக விருப்பமான வேலை அது. சாற்றை வாணலியில் சுண்டவிட்டு, தேங்காய்ச் சில்லும் கறிவேப்பிலையும் தாளித்துக் கறியோடு புரட்டினால் முடிந்தது. சந்தகை பிழிந்த நாளில் அதனோடு; இல்லாவிட்டால் பேக்கரி பன்னைப் பிளந்து உள்ளே வைத்து. சந்தகையோடுதான் பொருத்தம் என்பது எங்கள் கட்சி. பிள்ளைகள் பன் கட்சி.

1925 வாக்கில் முதல் பனியன் கம்பெனி தோன்றிய இவ்வூரில், 1978-ல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வணிகர் வந்ததிலிருந்து ஏற்றுமதியும் அதன் அவசரமும் வளர்ந்தன என்பார்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் வேலை நாளாகும். அத்தகைய வாரங்களில் பானையை நாங்கள் இருவருமே வைத்துவிடுகிறோம். வெங்காயம் உரிக்க எங்களுக்கும் கை இருக்கிறது என்பது தெரிய இத்தனை வயது ஆயிற்று.

மகன் இரவு ஷிப்டுக்குப் புறப்படும்போது நான்கு பன் கட்டிக் கொடுக்கிறாள். இரண்டு அவனுக்கு, இரண்டு அவனோடு மெஷின் பார்க்கும் ஜார்க்கண்ட் இளைஞருக்கு. அவர்கள் ஊரிலும் விருந்தென்றால் பன்றிக்கறிதானாம். மிளகாய் மட்டும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எல்லோரும் உண்டு எழுந்தபின் பானை கழுவுவது எங்கள் பங்கு. சூடான பீங்கானில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வெடித்துவிடும். நன்றாக ஆற வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அதுவரை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். உள்ளே மருமகள் பேத்திக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும்.